மாலை ஐந்து மணி வரை செல்லும்

கீழே எழுதியிருப்பதில் ஒரு வார்த்தைகூடப் பொய் கிடையாது, சத்தியம். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. நம்ப மனம் வராதவர்கள் நேரே பள்ளி அலுவலகத்துக்குப் போய், பீரோவின் மேல்தட்டில் பச்சை அட்டை போட்டு வைத்திருக்கும் ஆசிரியர் வருகைப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்துக்கொள்ளலாம்.

சிறப்பு வகுப்பு டீச்சரின் தற்காலிகச் சான்றிதழ் அக்டோபர் பத்தொன்பதாம் தேதி மாலை ஐந்து மணிக்குக் காலாவதியானது. அவள் ஒரு வருடமாகச் சொல்லிக்கொடுத்ததை எல்லாம் ஏழு பிள்ளைகளும் அதே ஐந்து மணிக்கு மறந்துபோனார்கள். வீட்டில் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்த ஒருவனுக்கு மூன்றாவது பொத்தானில் கை நின்றுவிட்டது. அது என்ன வஸ்து என்று உற்றுப் பார்த்தான். தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த ஒரு பெண் டம்ளரை அந்தரத்திலேயே விட்டாள். படம் காட்டிப் பசியைச் சொல்லப் பழகியிருந்தவன் படத்தை வாயில் போட்டு மென்றான். ஓட்டக்காரி என்று பள்ளி முழுக்கப் பேர் வாங்கிய ஒன்பது வயதுப் பெண், வாசல் கேட்டுக்கு உள்ளே போட்டிருந்த மஞ்சள் கோட்டில் கையை நீட்டியபடி அம்மாவுக்காக நின்றிருந்தவள், ஐந்து மணிக்குக் கையை மடக்கிக்கொண்டு சாலைக்குள் ஓடினாள். லாரிக்காரன் நல்லவன், பிரேக்கில் ஏறியே நின்றான். கை மட்டும் இரண்டு இடத்தில் ஒடிந்தது.

டீச்சர் படிப்பை முடித்திருந்தாள், செய்முறைத் தேர்விலும் தேறியிருந்தாள். நிரந்தரச் சான்றிதழுக்குக் குறைவாக இருந்தது ஒரே ஒரு கடிதம்தான்: அவளுடைய பட்டம் உண்மையானது என்று கல்லூரி தரவேண்டிய மெய்த்தன்மைக் கடிதம். கல்லூரி கொடுத்தது. அந்தக் கடிதம் உண்மையானதா என்று சான்றிதழ் அலுவலகம் கேட்டது. உண்மைதான் என்று கல்லூரி எழுதிய பதிலில் கையெழுத்துப் போட்டவர் யார் என்று மறுபடி கேட்டது. அவர் அதற்குள் ஓய்வு பெற்றிருந்தார். அது தீரும்வரைக்கும் இருக்கட்டும் என்று கொடுத்ததுதான் இளம்பச்சை நிறத்தில் ஒரு தாள். முன்பக்கம் அவள் புகைப்படம். பின்பக்கம் ஏழு விதிகள், எறும்பு வரிசை மாதிரி எழுத்தில்.

பள்ளியின் தலைமை கிளார்க், மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, விபத்து நடந்த மறுநாள் அந்த வரிசையில் ஆறாவதைக் காட்டினார். இத்தாளும் இதன்பேரில் செய்யப்படும் பணியும் மேற்குறித்த நாள் மாலை ஐந்து மணி வரை மட்டுமே செல்லும்.

"நீங்க இதப் படிச்சீங்களாம்மா?"

"யாரு சார் இதெல்லாம் படிப்பாங்க?"

"அதான். படிக்காமத்தான் எல்லாரும் கையெழுத்துப் போடறீங்க. நான் மட்டும் என்ன, கல்யாணப் பத்திரத்த படிச்சிட்டா போட்டேன்?"

அந்தப் பள்ளியில் தற்காலிக ஆசிரியர்கள் வருகைப் பதிவேட்டில் பென்சிலால்தான் கையெழுத்துப் போடவேண்டும். நிரந்தர ஆணை வந்ததும் அதன் மேலேயே பேனாவால் ஓட்டிக்கொள்ளலாம். வராமல் போனால் பக்கம் வீணாகாது. இது எந்த விதியிலும் இல்லை, கிளார்க் செய்து வைத்த ஏற்பாடு. பென்சிலைத் தினமும் அவரே சீவி, நூலில் கட்டி, பதிவேட்டோடு தொங்கவிட்டிருந்தார். பக்கத்திலேயே ஒரு அழிரப்பர், அதுவும் நூலில்.

நீட்டிப்பு ஆணை இருபத்து மூன்று நாள் கழித்து, அக்டோபர் இருபதிலிருந்து செல்லும் என்று பின்தேதியிட்டு வந்தது. டீச்சர் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்ட நிமிடமே பொத்தான்காரன் நான்காவது பொத்தானுக்குப் போனான். தண்ணீர்க்காரி டம்ளரைப் பிடித்தாள். ஓட்டக்காரி மாவுக்கட்டுப் போட்ட கையைக் கோட்டருகே நீட்டிக்கொண்டு நின்றாள். நடுவில் மறந்திருந்தோம் என்ற நினைவே ஒருவருக்கும் இல்லை. ஒடிந்த கையை மட்டும் அந்தப் பின்தேதி சேர்த்துவைக்கவில்லை. அது தன்பாட்டில் ஆறு வாரம் எடுத்துக்கொண்டு, கொஞ்சம் கோணலாகவே கூடியது.

பெற்றோர்கள் சண்டைக்கு வரவில்லை. அதுதான் டீச்சருக்குத் தாங்க முடியவில்லை. அவர்கள் வாழ்க்கையில் வந்ததும் போனதுமாக எத்தனையோ பார்த்தவர்கள். ஓட்டக்காரியின் அம்மாவுக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை. ஐந்து மணிக்கு விட்டால் பத்து நிமிடத்தில் ஓடிவருவாள், சோப்பும் மருந்தும் கலந்த வாடை அவளுக்கு முன்னால் வரும். அந்தப் பத்து நிமிடம் பெண் கோட்டில் நிற்பாள் என்ற தைரியத்தில்தான் அவள் வேலைக்கே போனாள்.

"அடுத்த வருஷம் எந்தத் தேதி டீச்சர்?" என்று மட்டும் கேட்டாள்.

"அதே பத்தொன்பதுதான் அக்கா."

"சொல்லிட்டீங்கல்ல, போதும். கயிறு வாங்கி வச்சிக்கறேன்."

அடுத்த அக்டோபரும் வந்தது. கல்லூரியிலிருந்து கடிதம் வரவில்லை. டீச்சர் அண்ணன் வீட்டில் இருந்தாள். பெண் பார்க்க வந்த மூன்று குடும்பமும் வேலை நிரந்தரமா என்று ஒரே கேள்வியைக் கேட்டு எழுந்து போயிருந்தன. "நீ பர்மனென்ட் ஆகறதுக்குள்ள நான் தாத்தா ஆயிடுவேன்" என்று அண்ணன் சாப்பிடும்போதெல்லாம் சொல்வான். அவனுக்கு அப்போது முப்பத்து நான்கு வயது, பிள்ளைகள் இன்னும் பிறக்கவில்லை. அவன் சொன்னதில் பெரிய மிகை இல்லை என்றுதான் அவளுக்கும் தோன்றியது.

அந்தப் பத்தொன்பதாம் தேதி மாலை ஐந்து மணிக்கு, அம்மா ஓட்டக்காரியின் இடுப்பில் கயிற்றைக் கட்டிப் பிடித்திருக்க, டீச்சர் கேட்டருகே நின்று ஒன்றைப் பார்த்தாள். எல்லாருக்கும் எல்லாம் போயிற்று. ஜட்ஜுக்கு மட்டும் போகவில்லை. ஜட்ஜ் என்பது பத்து வயதுப் பையன். வாயே திறக்கமாட்டான், கையைக் கட்டிக்கொண்டு வகுப்பில் நடப்பதை எல்லாம் தீர்ப்புச் சொல்லப்போகிறவன் மாதிரி பார்ப்பான், அதனால் அந்தப் பெயர். அவன் கையைக் கட்டியபடி மஞ்சள் கோட்டில் அசையாமல் நின்றான். அவனுக்குக் கோட்டில் நிற்க அவள் சொல்லிக்கொடுத்ததே கிடையாது. ஒரு வருடமாக ஓட்டக்காரி நிற்பதைப் பார்த்துப் பார்த்துத் தானாக எடுத்துக்கொண்டது. அவனிடம் சான்றிதழ் இல்லை, ஓட்டக்காரியிடமும் இல்லை. அதனால் அதற்குக் கெடுவும் இல்லை.

டீச்சர் அன்றைக்கு வீட்டுக்குப் போகும் பேருந்தை இரண்டு முறை விட்டுவிட்டாள்.

இரண்டாவது நீட்டிப்பு ஆணை பன்னிரண்டாம் நாளே வந்துவிட்டது. இதுதான் கடைசி, இதற்குமேல் நீட்டிப்பு கிடையாது என்று அடியில் சிவப்பில் அச்சிட்டிருந்தது. கையெழுத்துப் போட்டால் பிள்ளைகளுக்கு எல்லாம் திரும்பி வரும். அடுத்த அக்டோபரில், கல்லூரிக் கடிதம் வராவிட்டால், ஒரேயடியாகப் போகும். ஓட்டக்காரி மறந்திருக்கும் இந்த நாட்களில்தான் ஜட்ஜிடமிருந்து அவளாக எடுத்துக்கொள்ள முடியும். தெரிந்தவளுக்கு யார் கற்றுக்கொடுப்பது? அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்றால் ஜட்ஜ் இருக்கமாட்டான். அவன் அப்பாவுக்கு மாற்றல் வந்துவிட்டது, டிசம்பர் முதல் வாரம் போகிறார்கள்.

"நீங்க கையெழுத்துப் போடலேன்னா உங்க வேலை போயிடுமே டீச்சர்" என்றாள் ஓட்டக்காரியின் அம்மா. கயிறு இழுத்து இழுத்து அவள் உள்ளங்கை தோலுரிந்திருந்தது.

"போடறதா வேணாமா, நீங்க சொல்லுங்க அக்கா."

அவள் கயிற்றைக் கையில் இன்னொரு சுற்று சுற்றிக்கொண்டாள். பிறகு சாலையைப் பார்த்துக்கொண்டே, "என்னக் கேக்காதீங்க. கேட்டா, போடாதீங்கன்னுதான் சொல்லுவேன்" என்றாள்.

ஆணை கிளார்க்கின் மேசை இழுப்பறையில் கிடந்தது. வேறு ஆள் இல்லாததால் தலைமையாசிரியை டீச்சரை வகுப்பில் பார்வையாளராக உட்கார அனுமதித்தார். அவள் மூலையில் நாற்காலியைப் போட்டு, மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பொத்தான்காரன் சட்டையைத் திறந்துபோட்டுக்கொண்டு வந்து முன்னால் நின்றபோதும் கையை எடுக்கவில்லை; எடுத்தால் அதுவும் அந்தத் தாளின்பேரில் செய்த பணியாகிவிடும். தண்ணீர்க்காரி தாகத்துக்கு அழுதபோது ஆயாதான் புகட்டினாள். டீச்சர் சுவரைப் பார்த்துக்கொண்டாள். அந்த மூன்று வாரத்தில் அவள் காதோரம் நரைத்தது. மடியில் வைத்த கையின் ரேகைகள் ஒவ்வொன்றாக மறைந்து, பூசின சுவர் மாதிரி வழவழப்பாகிவிட்டன. அவள் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

இருபத்து ஐந்தாம் நாள் ஆய்வு அலுவலர் வந்தார். வழக்கமாக வருகிறவர்களைப் போல அவரும் செருப்பைக் கழற்றாமல் உள்ளே வந்து, எல்லாவற்றையும் மூக்காலேயே பார்த்தார்.

"என்னம்மா சொல்லிக்குடுக்கறீங்க?"

"ஒண்ணும் சொல்லிக்குடுக்கல சார்."

"இன்னிக்கா?"

"இருபத்தஞ்சு நாளா."

அவர் தம் இருபது வருட வேலையில் இப்படி ஒரு நேர்மையான பதிலைக் கேட்டதில்லை. கற்பித்தல் ஏதும் நடைபெறவில்லை என்று எழுதினார். டீச்சர் எழுந்து எட்டிப் பார்த்து, "சீல் வச்சிடுங்க சார், ஒரு பாதுகாப்புக்கு" என்றாள். அவர் பயந்துபோய் இரண்டு இடத்தில் வைத்தார்.

ஓட்டக்காரி மாலைதோறும் ஓடினாள், கயிறு இழுத்தது, விழுந்தாள். ஜட்ஜ் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தான். இருபத்தெட்டாம் நாள் அவள் ஓடுவதற்கு முன்னால் திரும்பி அவனைப் பார்த்தாள். மறுநாள் அவன் தன் புத்தகப் பையைக் கழற்றிக் கோட்டின் மேல் வைத்துவிட்டு, "ம்ஹூம்" என்றான். அவன் தொண்டையிலிருந்து வந்த முதல் சத்தம் அது. முப்பத்து மூன்றாம் நாள் அவள் பையருகே வந்து நின்று, அவனைப் போலவே கையைக் கட்டிக்கொண்டாள். அம்மா கயிற்றைக் கீழே போட்டாள். கயிறு தரையில் கிடந்தது, பெண் அசையவில்லை.

மறுநாள் காலை கிளார்க்குக்கு மனசு கேட்கவில்லை. ஆய்வறிக்கையின் நகல் அப்போதுதான் வந்திருந்தது. நல்ல பெண் வீணாய்ப் போகிறாளே என்று இழுப்பறையைத் திறந்து, ஆணையில் பெற்றுக்கொண்டேன் என்ற இடத்தில், அவள் கையெழுத்தைப் போலவே அவரே பென்சிலால் போட்டுவைத்தார். நாற்பது வருட அனுபவத்தில் அவருக்கு எல்லார் கையெழுத்தும் வரும்.

வகுப்பில் பொத்தான்காரன் டக்கென்று சட்டையை மூடினான். தண்ணீர்க்காரி டம்ளரைத் தேடினாள். ஓட்டக்காரி கட்டியிருந்த கையை அவிழ்த்து, டீச்சர் பழக்கியபடி, காற்றில் நீட்டினாள். டீச்சர் நாற்காலி பின்னால் விழுவதைக்கூடப் பார்க்காமல் அலுவலகத்துக்கு ஓடினாள்.

"என்ன சார் பண்ணீங்க?"

"நல்லதுதாம்மா பண்ணேன். நீங்களே போட்டதா நெனச்சுக்குங்க."

அவள் ஆணையைப் பிடுங்கி, நூலில் தொங்கிய அழிரப்பரால் அந்தக் கையெழுத்தை அழித்தாள். வகுப்புப் பக்கமிருந்து டம்ளர் விழும் சத்தம் கேட்டது. ஆயா கதவருகே வந்து, "ஓட்டக்காரி திரும்பக் கையக் கட்டிக்கிட்டா டீச்சர், என்னாச்சு இவங்களுக்கெல்லாம்?" என்றாள். கிளார்க் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் போட்டு அவளைப் பார்த்தார். பிறகு, டீ குடித்துவிட்டு வருகிறேன், அரை மணி நேரம் ஆகும் என்று யாரிடமோ சொல்வதுபோல் சொல்லிவிட்டு வெளியே போனார். பீரோ திறந்திருந்தது. பதிவேட்டில் அவள் வேலை செய்ததாக ஒரு கையெழுத்து இருக்கும்வரை யாரும் அந்த ஆணையை மறுபடி செல்லவைக்கலாம். அழிரப்பர் அவள் கையில் இருந்தது.

ஜட்ஜ் டிசம்பர் முதல் வாரம் ஊரை விட்டுப் போனான். மற்ற ஐந்து பிள்ளைகளுக்கும் போனது போனதுதான். புதிதாக வந்த தற்காலிக ஆசிரியர் ஆரம்பத்திலிருந்து தொடங்கினார். டீச்சர் இப்போது ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில், ஓட்டக்காரியின் அம்மாவுக்கு எதிர்ப்பக்கம் நின்று படுக்கை விரிப்பு மடிக்கிறாள். ரேகை இல்லாத கை துணியில் வழுக்கிக்கொண்டு போவதால் மடிப்பு நன்றாக விழுகிறது என்று மேஸ்திரிக்குத் திருப்தி. சலவைக்கூடத்துக்கு யாரும் சான்றிதழ் கேட்பதில்லை.

அம்மாவுக்கு வேலை நீளும் நாட்களில் டீச்சர்தான் பள்ளி வாசலுக்குப் போகிறாள். ஓட்டக்காரி மஞ்சள் கோட்டில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள். டீச்சரை விளக்குக் கம்பத்தைப் பார்ப்பதுபோல் பார்ப்பாள். அந்த முகத்தை அவள் தெரிந்துவைத்திருந்ததும்கூட ஆறாவது விதியின்கீழ் போயிருந்தது. டீச்சர் அவள் முழங்கையைத் தொடுவாள். கோணலாய்க் கூடிய கை அது. தொட்ட பிறகுதான் பெண் கோட்டைத் தாண்டுவாள். இருவரும் லாரிகள் போய்முடியும்வரை நின்று, சாலையைக் கடப்பார்கள்.

பச்சை அட்டைப் பதிவேட்டில், அந்த இரண்டு வருடத்துப் பக்கங்களிலும், சிறப்பு வகுப்பு ஆசிரியருக்கு உரிய கட்டங்களில் ஒன்றில்கூட எந்தக் கையெழுத்தும் இல்லை.