யாருக்கென்று இல்லாத கைதட்டல்

பிரிக்பீல்ட்ஸில் மோனோரயில் தூணுக்குப் பக்கத்தில் காரை நிறுத்திய குமுதா, இறங்க மனமில்லாமல், சீதாலெட்சுமி ஆன்டி அனுப்பியிருந்த குரல்பதிவை இன்னொரு முறை கேட்டாள். "குமுதா, ஆன்டி பேசறேன்மா. டின்னர் ப்ரோகிராம் பாத்தேன். அங்கிள் வந்தாரே, நல்லா கை தட்டுனாரு. ஆனா மேல பாட்டு போட்டுட்டீங்க, விசில் சத்தம் கேக்கல. பாட்டு இல்லாம அவரு கொரலோட இருக்குமாம்மா? இருந்தா குடு. இல்லன்னா பரவால்ல." அந்தப் 'பரவால்ல'தான் அவளைப் போட்டுப் பிசைந்தது. இல்லை ஆன்டி, அழிந்துவிட்டது என்று எழுதி அனுப்பியிருந்தால் யாரும் வந்து துருவியிருக்கப் போவதில்லை. ஆனால் அது பத்திரமாக இருந்தது. எதிரே புடவைக் கடைக்கு மேல்மாடியில், நிகழ்ச்சியை எடிட் செய்த ரிஷியின் கணினியில் இருந்தது.

கிள்ளான் துறைமுகத்தில் சரக்குக் கிடங்கு வைத்திருக்கும் கம்பெனியில் குமுதாவுக்கு எச்.ஆர். வேலை. வருடாந்திர விருந்து அவள் தலையில்தான் விடியும். மற்ற வருடங்களில் ஹோட்டல் மண்டபம், வட்ட மேசைகள், லக்கி டிரா, பெரிய முதலாளி கிளாஸைத் தூக்கிக் கத்தும் நீண்ட 'யாம் செங்' வாழ்த்து என்று ஊரே திரண்ட மாதிரி இருக்கும். கொரோனாவால் நடமாட்டக் கட்டுப்பாடு வந்த பிறகு, கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக, அது அவரவர் கைப்பேசிக்குள் சுருங்கிப் போயிற்று. முதலாளி விட்டால்தானே. "ஜூம் மீட்டிங் மாதிரி இருக்கக்கூடாது, டிவி ஷோ மாதிரி இருக்கணும்" என்றார். சாப்பாட்டுப் பெட்டிகளை வீடு வீடாக அனுப்பினாள், ஆடுகிறவர்களை அவரவர் வரவேற்பறையிலேயே ஆடவைத்துப் பதிவு செய்தாள், அறிவிப்பாளருக்குப் பின்னால் பச்சைத் துணி கட்டினாள். எல்லாம் கூடி வந்தது, ஒன்றைத் தவிர. முதல் ஒத்திகையில் ஒருவருக்கு விருதை அறிவித்தபோது திரை முழுக்க அமைதி. எல்லோருடைய மைக்கும் அடைத்திருந்தது. விருது வாங்கியவர் திருதிருவென்று விழித்தார். எழவு வீட்டில் பரிசு கொடுத்த மாதிரி இருந்தது.

அப்போதுதான் அவளுக்குத் திருச்செல்வம் அங்கிள் நினைவுக்கு வந்தார். சீதாலெட்சுமி ஆன்டியின் கணவர், கிடங்கு சூப்பர்வைசர். விருந்து மண்டபத்தில் கடைசி மேசைதான் அவருக்குப் பிடிக்கும். மேடையில் யார் பெயரைக் கூப்பிட்டாலும், நிர்வாகியோ கூட்டிப் பெருக்கும் அக்காவோ, அவர் எழுந்து நின்று கை தட்டி, இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு விசில் அடிப்பார். அதற்கு அப்புறம்தான் மண்டபத்துக்கே உயிர் வரும். கைதட்டல் மேடையிலிருந்து தொடங்குவதில்லை, அங்கிள் மேசையிலிருந்து தொடங்குகிறது என்று கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும். ஆகவே குமுதா யோசனை செய்தாள். கைதட்டலை முன்கூட்டியே வீடு வீடாகப் பதிவு செய்து வைத்துக்கொண்டு, விருது அறிவிக்கும்போதெல்லாம் ஒட்டிவிட வேண்டியது. நடுவில் அங்கிள், சுற்றிலும் மற்றவர்கள். முதலாளிக்கு யோசனை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

அவரைக் காணொளி அழைப்பில் பதிவு செய்த அடுத்த வாரம் அங்கிள் ஆஸ்பத்திரியில் இருந்தார். விருந்துக்கு முந்தின வாரம் போய்ச் சேர்ந்துவிட்டார். மூடிய பெட்டி நேராக மயானத்துக்குப் போனது. ஆன்டியை முகம் பார்க்கக்கூட விடவில்லை. ரிஷி கேட்டான், "அக்கா, அங்கிள் பிட்ட எடுத்துடவா?" குமுதா யோசித்துப் பார்த்தாள். அவரை எடுத்துவிட்டால் மற்றவர்களின் கைதட்டல் சோறில்லாத இலை போல் இருந்தது. "இருக்கட்டும் ரிஷி, அங்கிளுக்கே அதான் பிடிக்கும்" என்றாள். அங்கிளுக்கு என்ன பிடிக்கும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? அவள் நிகழ்ச்சிக்கு அது பிடித்திருந்தது, அவ்வளவுதான். விருந்தன்று அவர் முகம் திரையில் வந்ததும் சாட்டில் இதயங்களும் அழுகை முகங்களுமாகக் கொட்டின. இந்த வருடத்தின் மிக நெகிழ்ச்சியான தருணம் என்று தலைமையகத்திலிருந்து அவளைப் பாராட்டி எழுதினார்கள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். பாராட்டு வந்தால் அது இன்னும் மோசமாகக் குறுகுறுக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லி வைக்கவில்லை.

மாடியில் ரிஷி ஜன்னலைத் திறந்து வைத்து, முகக்கவசத்தோடு உட்கார்ந்திருந்தான். கீழே மாலைக் கடைக்காரர் மல்லிகைக்குத் தண்ணீர் தெளிக்கும் வாசனை வந்தது. "முழு ரெக்கார்டிங் இருக்குக்கா. வெட்டாதது. போடவா?" என்றான்.

திரையில் அங்கிள் வந்தார். கம்பெனி டி-ஷர்ட், நெற்றியில் திருநீறு, பின்னால் முருகன் படம் போட்ட நாட்காட்டி. தட்ட ஆரம்பித்தவர் பாதியிலேயே நிறுத்திக்கொண்டார். "என்னம்மா, யாருக்குக் கை தட்டறேன்? பேரச் சொன்னா விசில் தானா வரும்லா."

"எல்லாருக்குந்தான் அங்கிள். நாங்க அப்பறம் ஒட்டிக்குவோம்." அது குமுதாவின் குரல். பல்லெல்லாம் தெரியப் பேசுகிற குரல்.

"ஆளே இல்லாம கை தட்டறதா? சாமி இல்லாம தேர் இழுக்கற மாதிரில்ல இருக்கு" என்று சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. மறுபடி தட்டினார். மறுபடி இருமல்.

"அங்கிள், சூப்பர்! ஆனா இருமல் விழுந்துருச்சு. இன்னொரு தடவ போலாமா? இன்னுங் கொஞ்சம் ஜாலியா."

இதுவரை அவளுக்கு நினைவிருந்தது. இதை நினைத்துத்தான் அவள் தூக்கம் கெட்டிருந்தது. அந்த வருடத்தில் பாசாரில் ஒருவன் இருமினால் காய்கறியைப் போட்டுவிட்டு நகர்ந்தவள் அவள். அங்கிள் இருமியது மட்டும் அவள் காதுக்கு ஒலிப்பதிவுக் கோளாறாகத்தான் கேட்டது. ஆனால் அதற்கு அடுத்து வந்ததை அவள் சுத்தமாக மறந்திருந்தாள்.

அங்கிள் கழுத்தைத் தடவிக்கொண்டார். "ஒடம்பு ஒரு மாதிரியா இருக்கும்மா இன்னிக்கி. நாளைக்கி எடுப்பமா?"

"நாளைக்கு எடிட்டிங் அங்கிள்! அஞ்சே நிமிஷம், ப்ளீஸ். நீங்க இல்லாம ஷோவே இல்ல."

சொன்னது தான்தானா என்று குமுதா ரிஷியைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்காமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "அக்கா, அந்த எடத்த மட்டும் வெட்டிடறேன். இருமலயும் எடுத்துடலாம். யாருக்கும் தெரியாது" என்றான். நல்ல பையன். அவள் தலையாட்டினாள். அவன் வெட்டியதை ஒரு பென்டிரைவில் ஏற்றினான். குமுதா எழுந்தவள், மறுபடி உட்கார்ந்து, "முழுசையும் போட்டு வை" என்றாள். எதற்கு என்று அவளுக்கே தெரியவில்லை. ஆன்டிக்கு வெட்டியதைத்தான் காட்டுவது என்று கூட்டரசு நெடுஞ்சாலை முழுக்கத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டே கிள்ளானுக்கு ஓட்டினாள்.

ஆன்டி வீட்டில் அங்கிளின் படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்தது. மகன் சிங்கப்பூரில் மாட்டிக்கொண்டிருந்தான், எல்லை திறக்கவில்லை. வீட்டில் ஆன்டி ஒருத்திதான். குமுதா வாசலில் தயங்கி நின்றதும், "உள்ள வாம்மா, ஒனக்கு ஒட்ட என்கிட்ட இனி நோய் ஒண்ணும் இல்ல" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். மைலோ கலக்கி வைத்தார். "அவரு எப்பவும் ஒன்னப் பத்திதான் பேசுவாரு. ஆபீஸ்ல நம்மள மனுசனா மதிச்சுக் கூப்பிடற ஒரே புள்ளன்னு."

குமுதா கிளாஸைக் குடிக்காமலே வைத்துவிட்டு எழுந்து பென்டிரைவைத் தொலைக்காட்சியில் செருகினாள். திரையில் இரண்டு கோப்புகள் வந்தன. ரிமோட்டால் சின்னதின் மேல் போய் நின்றாள்.

"ரெண்டு இருக்கே. என்னம்மா அது?"

"இது... சின்னதா இருக்கும் ஆன்டி. நீட்டா இருக்கும். அது சும்மா, முழுசு."

"முழுசையே போடு" என்றார் ஆன்டி. "கொஞ்ச நேரம் கூட இருக்கட்டுமே."

இதற்கு மேல் என்ன சொல்வது? கோப்பு கெட்டுப்போயிருக்கிறது என்று ஒரு பொய் நாக்கு நுனி வரை வந்தது. குமுதா அதை விழுங்கிவிட்டுப் பெரியதை அழுத்தினாள்.

அங்கிள் வந்தார். யாருக்குக் கை தட்டுகிறேன் என்று கேட்டார். தேர் இழுப்பதைச் சொன்னபோது ஆன்டி வாய்விட்டுச் சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டார். இருமல் வந்தது. குமுதாவின் குரல் வந்தது. நாளைக்கு எடுப்போமா என்று அங்கிள் கேட்டபோது குமுதா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அஞ்சே நிமிஷம் என்று தன் குரல் கெஞ்சுவதை அந்த வீட்டுக்குள், அந்த விளக்குக்கு முன்னால் உட்கார்ந்து கேட்டாள். ரிஷியின் அறையில் கேட்டதைவிட அது இனிமையாக இருந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"ஆன்டி, அவரு நாளைக்குன்னு சொன்னாரு. நான்தான்..."

"கேட்டுச்சும்மா" என்றார் ஆன்டி. குரலில் கோபமும் இல்லை, ஆறுதலும் இல்லை.

திரையில் அங்கிள் பக்கவாட்டில் திரும்பி, "சீதா, கொஞ்சம் தண்ணி குடு" என்றார். ஓரத்திலிருந்து ஒரு கை கிளாஸோடு உள்ளே நீண்டது. பச்சைக் கண்ணாடி வளையல்கள்.

"நிறுத்து."

குமுதா நிறுத்தினாள். நிகழ்ச்சிக்காக வெட்டியபோது அந்தக் கை வேண்டாம் என்று ஓரத்தை நறுக்கச் சொன்னதும் அவள்தான்.

"அது என் கை" என்றார் ஆன்டி. இப்போது வளையல் இல்லாத அதே கை மடியில் கிடந்தது. "ஐஸ் பெட்டித் தண்ணி. சுடுதண்ணி வெக்க சோம்பேறித்தனம், சீரியல் ஓடிக்கிட்டிருந்துச்சு. வயசான காலத்துல என்ன விசிலு, அதான் தொண்ட கட்டுதுன்னு ஏசிட்டு வந்து ஒக்காந்துட்டேன்." திரையில் நின்றுபோயிருந்த கையைக் காட்டினார். "நானும் பக்கத்துலதானே இருந்தேன். எனக்கும் கேட்டுச்சுல்ல, இருமல்."

உங்கள் மேல் தப்பில்லை ஆன்டி என்று சொல்வது எளிது. அதைச் சொல்ல அந்த வீட்டில் தனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று குமுதாவுக்குத் தோன்றியது. தெருவில் ரொட்டிக்காரரின் மோட்டார் சைக்கிள் ஹாரன் அடித்துக்கொண்டே போயிற்று.

"குடு" என்று ரிமோட்டை வாங்கி, ஆன்டியே ஓடவிட்டார். அங்கிள் தண்ணீரைக் குடித்தார். கிளாஸைக் கையிடம் திருப்பிக் கொடுத்தார். கை போய்விட்டது. அவர் எழுந்து நின்று, டி-ஷர்ட்டை இழுத்துவிட்டு, எதிரே ஒரு மண்டபமே நிறைந்திருப்பதைப் போல நிமிர்ந்து பார்த்தார். பிறகு தட்டினார். இரண்டு விரலை வாயில் வைத்து அடித்த விசில், பாட்டின் மறைப்பு இல்லாமல், வீட்டுச் சுவர்களிலெல்லாம் பட்டுத் திரும்பியது. விளக்குக்குப் பக்கத்தில் படத்தில் இருந்தவரும் தொலைக்காட்சியில் இருந்தவரும் ஒரே சட்டையில் இருப்பதைக் குமுதா அப்போதுதான் கவனித்தாள். கம்பெனி கொடுத்த சட்டை.

மூச்சு வாங்க அங்கிள் திரைக்குக் கிட்டே வந்தார். முகம் பெரிதாகத் தெரிந்தது.

"போதுமாம்மா? இல்ல இன்னொரு தடவையா?"

குமுதாவின் குரல் பதில் சொல்வதற்குள் ஆன்டி பொத்தானை அழுத்திவிட்டார். தட்டி முடித்த கைகள் பாதி விரிந்தபடி, வியர்வை மினுங்கும் முகத்தோடு, அங்கிள் இருவரையும் பார்த்துக் காத்துக்கொண்டிருந்தார்.