அக்காவின் வலது பக்கம்

நான் ஏசி மெக்கானிக். எந்த மெஷினானாலும் அதோடு வரும் புத்தகத்தைக் கடைசிப் பக்கம்வரை படித்துவிட்டுத்தான் ஸ்குரூடிரைவரைத் தொடுவேன். படிக்காமல் பட்டனை அமுக்கிக் கெடுத்தவர்களை, "புக்க எதுக்குக் குடுத்திருக்கான், ஆடுற மேசைக்கு முட்டுக் குடுக்கவா?" என்று வாங்கு வாங்கென்று வாங்குவேன். அப்பேர்ப்பட்ட மேதாவி, அக்காவின் காப்பீட்டுப் புத்தகத்தைப் பிரிக்கவே இல்லை.

அக்கா பள்ளிக்கூட வேன் ஓட்டினாள். அவள் வலது கண்ணில் அழுத்தம் ஏறி நரம்பைக் கெடுக்கிறது என்று அரசு ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஆபரேஷன் செய்தால் மிச்சப் பார்வை தங்கும், போனது திரும்பாது. ஏழு வாரம் தள்ளித் தேதி கொடுத்தார்கள். செலவு கிடையாது.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. "ஏழு வாரமா? தம்பின்னு நான் எதுக்கு இருக்கேன்?" என்று குதித்து, அவள் பெயரில் தனியார் காப்பீடு எடுத்தேன். கண் விஷயத்தையும் மறைக்காமல் எழுதினேன். அட்டை வந்தது. வந்த ஜோரில் அரசு ஆஸ்பத்திரிக்கு நானே போன் போட்டேன்.

"எங்களுக்கு அந்தத் தேதி வேணாம். இல்லாதவங்க யாருக்காவது குடுங்க."

பெரிய வள்ளல் என்ற நினைப்பு.

தனியார் ஆஸ்பத்திரியின் காப்பீட்டு மேசையில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். "ஏற்கெனவே இருக்கிற நோய்க்கு ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் சார் கிடைக்கும். பதினாலாம் பக்கத்துல போட்டிருக்கே. படிக்கலையா?"

நான் ஊரையெல்லாம் பார்த்துக் கேட்கும் கேள்வி. கைக்காசு போட்டுச் செய்வது எங்கள் சக்திக்கு மீறியது.

அன்றே அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். குமாஸ்தா நோட்டைப் புரட்டினார்.

"நீங்கதானே வேணாம்னு சொன்னீங்க? அந்த இடம் அன்னிக்கே வேற ஒருத்தருக்குப் போயிடுச்சு. மறுபடி பேர் குடுங்க, அஞ்சு மாசம் ஆகும்."

"அவசரம் சார்."

"இந்த நோட்டுல இருக்கிற எல்லாருக்கும் அவசரம்தான் தம்பி."

அவர்மேல் எரிந்து விழ ஆசையாக இருந்தது. அவரிடம் ஒரு தப்பும் கிடைக்கவில்லை.

ஐந்தாம் மாதம் ஆபரேஷன் நல்லபடியாகவே நடந்தது. ஆனால் அதற்குள் வலது கண்ணில் வெளிச்சம் மட்டும்தான் மிஞ்சியிருந்தது. அக்கா வேன் சாவியைப் பள்ளியில் ஒப்படைக்கப் போனபோது நானும் கூடப் போனேன். திரும்பும்போது பஸ்ஸில் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தேன்.

"அந்தத் தேதிய வச்சிக்கிட்டே இன்சூரன்ஸையும் எடுத்திருக்கலாம், இல்லடா?" என்றாள். குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் தேவலை.

தலையைக் குனிந்து அழுதேன். அக்காவுக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வலது பக்கம் கையை நீட்டித் துழாவி என் தோளைத் தொட்டாள்.

"ஏன்டா பேசாம இருக்க? இந்தப் பக்கம் வந்து உக்காரு. அங்க இருந்தா நீ எனக்குத் தெரியல."