மருந்து போட்ட கிணறு

ராக்கு ஊத்துக்குள் இறங்கி உட்கார்ந்திருந்தாள். மேலே நின்றவர்களுக்கு அவளுடைய கொண்டை மட்டும்தான் தெரிந்தது. மணலில் தோண்டிய அந்தக் குழியின் அடியில் ஒரு சிரட்டை அளவு தண்ணீர் கசிந்து சேர வேண்டும். சேர்ந்ததை மண் கலங்காமல் மொண்டு குடத்தில் ஊற்றிவிட்டு அடுத்த சிரட்டைக்குக் காத்திருக்க வேண்டும். ஆடி மாதத்துக் கச்சான் காற்று குழிக்குள் மணலை வாரிப் போட்டுக்கொண்டிருந்தது. மேலே பெண்கள் காலிக் குடங்களோடு உட்கார்ந்திருந்தார்கள். இவள் எத்தனை குடம் எடுப்பாள் என்று ஒருத்தி முணுமுணுத்தாள். புருஷன் வாந்திபேதியில் கிடக்கிறான், எடுத்துவிட்டுப் போகட்டும் என்றாள் இன்னொருத்தி.

தொண்டிக்குத் தெற்கே இருந்த அந்தக் குப்பத்தில் மூன்று பேரைப் புதைத்தாகிவிட்டது. ராக்குவின் மாமியார் அதில் ஒருத்தி. இப்போது புருஷன் நம்புராசன் படுத்திருந்தான்.

கடலோரத்தில் நோயை நிறுத்தும் பொறுப்பு ராமலெட்சுமியிடம் கொடுக்கப்பட்டிருந்தது. அபிராமத்துக்காரி, ஹெல்த் விசிட்டர் வேலை. குப்பத்தில் எல்லோருக்கும் ஊசி போட்டு முடித்ததால் ‘ஊசியம்மா’ என்று பெயராகிவிட்டது. அவளுக்குக் கீழே சுகாதார மேஸ்திரி பால்சாமி ஒருவர்தான். அவளைவிட மூத்தவர். பிளீச்சிங் பவுடர் பீப்பாய்கள் இரண்டையும் பொண்டாட்டி பிள்ளை மாதிரி கவனமாகக் கூட்டிக்கொண்டு அலைந்தார்.

ராமலெட்சுமி ஊத்தைப் பார்த்தாள். ஊத்துக்கு மேல்புறம் மேட்டில் இருந்த உடைமரப் புதரையும் பார்த்தாள். குப்பம் முழுக்கக் காலையில் ஒதுங்குவது அந்தப் புதருக்குத்தான். இந்தக் குழியில் பவுடரைக் கரைத்து விட்டால் என்ன என்று பால்சாமியிடம் கேட்டாள்.

“தெனம் ஒரு குழி தோண்டுறாக. இதுல போட்டா மணலுக்குத்தாம்மா பேதி நிக்கும்” என்றார் பால்சாமி.

அந்தப் பக்கத்தில் நல்ல தண்ணீர்க் கிணறு ஒன்றுதான் இருந்தது. அது கொழும்புக்குக் கருவாடு ஏற்றும் ஜெய்னுலாபுதீனின் தென்னந்தோப்புக்குள் இருந்தது. அவர் தெருவுக்குக் குடிதண்ணீர் அங்கிருந்துதான் போனது. தெருப் பெண்கள் குளிப்பதும் அங்கேதான். அதனால் குப்பத்து ஆட்கள் தோப்புப் படலைத் தாண்டுவதில்லை. யாரும் விரட்டியதில்லை, அவர்களும் கேட்டதில்லை.

ராமலெட்சுமி போய்க் கேட்டாள். ஜெய்னுலாபுதீன் நாற்காலி போடச் சொன்னார், டீ வரவழைத்தார், செத்தவர்களுக்காக வருத்தப்பட்டார். கிணற்றுப் பேச்சு வந்ததும் தொப்பியைக் கழற்றித் தொடைமேல் வைத்துக்கொண்டார். பெண்கள் புழங்குகிற இடம் என்றார். நோய்க்காரக் குடத்தை உள்ளே விட்டால் தெருக்காரர்கள் தன்னைத்தான் கேட்பார்கள் என்றார். கிணற்றுக்குள் போகும் வாளியும் கயிறும் தானே கொண்டுவருவதாகவும், தண்ணீரில் மருந்து போடுவதால் அவருடைய தெருவுக்கும் அது காவல்தான் என்றும் ராமலெட்சுமி சொன்னாள். அவர் யோசித்துக்கொண்டே இருந்தார்.

திரைக்குப் பின்னாலிருந்து அவர் மனைவி நூர் நிஷாவின் குரல் வந்தது. “நாங்க வீட்டுலயே மொண்டு ஊத்திக் குளிச்சுக்கிறோம். தாகத்துக்குக் கேட்டவுகளுக்கு இல்லேன்னுட்டு, மறுமையில என்ன பதில் வச்சிருக்கீக?”

ஜெய்னுலாபுதீன் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார். “மருந்து போடுற வரைக்கும் வந்து மொண்டுக்கிறட்டும். மருந்து நின்னா வரத்தும் நிக்கணும். அதுல மட்டும் பேச்சு மாறக்கூடாது, தாயி.”

அன்று சாயங்காலமே பால்சாமி வாளியில் பவுடரைக் குழைத்துக் கரைத்துக் கிணற்றில் இறக்கினார். தூர் வாரி எத்தனை வருஷமோ என்ற சந்தேகத்தில் இன்னும் ஒரு கை கூடப் போடச் சொன்னாள் ராமலெட்சுமி. பிறகு பால்சாமி ஒரு தகரத்தைத் தட்டிக்கொண்டு குப்பத்துக்குள் போனார். தோப்புக் கிணற்றில் மருந்து போட்டிருக்கிறது, விடிந்ததும் எல்லோரும் அங்கேதான் தண்ணீர் எடுக்க வேண்டும் என்று அவர் கூவியது கடைசிக் குடிசைவரை கேட்டது.

விடிந்ததும் முதலில் வந்தவள் ராக்கு. புருஷன் நாக்கு வறண்டு கிடந்தான், அவளுக்குப் பொறுக்கவில்லை. கிணற்றுச் சுவரில் கைவைத்து எட்டிப் பார்த்தாள். பின்னால் வந்த பெண்களும் எட்டிப் பார்த்தார்கள். தண்ணீர் சுத்தமாக இருக்க வேண்டும் என்று எப்போதோ விட்டிருந்த கெண்டைகள், வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மல்லாந்து மிதந்தன. பெண்கள் காலிக் குடங்களை இடுப்பில் ஏற்றிக்கொண்டு திரும்பினார்கள்.

ராமலெட்சுமி ஓடிவந்து மறித்தாள். கிருமியைக் கொல்லத்தான் மருந்து, மனுசரை ஒன்றும் செய்யாது என்றாள்.

“தண்ணியில மருந்து போட்டா என்னாகும்னு எங்களுக்குச் சொல்லணுமா, ஊசியம்மா?” என்றாள் ராக்கு. “கழிமுகத்துல கள்ளிப்பாலக் கலக்கிவிட்டா மீனு இப்பிடித்தான் மல்லாந்து வரும். நாங்களே மருந்து போட்டுப் புடிக்கிறவுக. எங்களையும் மருந்து போட்டா புடிக்கிறீக?”

ராமலெட்சுமி வாளியை விட்டு இறைத்து, எல்லோருக்கும் முன்னால் கை நிறைய ஏந்திக் குடித்தாள். நெடி மூக்கில் ஏறிக் கண்ணில் தண்ணீர் வந்தது. அதையும் அவர்கள் பார்த்தார்கள்.

“நீங்க ஒரு வா குடிச்சீக. மீனு ராத்திரிப் பூரா அதுக்குள்ளதானே கெடந்துச்சு” என்று சொல்லிவிட்டு ராக்கு ஊத்துப் பக்கம் நடந்தாள்.

அன்று குப்பத்தில் மேலும் இரண்டு பேருக்குப் பேதி கண்டது. ராமலெட்சுமி ஊருக்குள் தங்கியிருந்த அறையைக் காலி செய்துவிட்டு, ராக்குவின் குடிசைக்கு எதிரே இருந்த வலைக் கொட்டகைக்கு வந்தாள். தோப்புக் கிணற்றுத் தண்ணீரில்தான் சமைத்தாள், குடித்தாள், எல்லாம் வெளியிலேயே. பால்சாமிக்கும் அதே தண்ணீர்தான். நம்புராசனுக்கு உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரைக் காய்ச்சிக்கொண்டு போனபோது, எந்தத் தண்ணீர் என்று ராக்கு கேட்டாள். தோப்புத் தண்ணீர் என்றாள் ராமலெட்சுமி. ராக்கு தட்டிவிடவில்லை, வாங்கவும் இல்லை. கையை நீட்டியது நம்புராசன்தான். “குடுங்க. சாகுறதுக்கு இதுல என்னத்தக் கூடுதலாச் சாகப் போறேன்” என்றான்.

மறுநாளும் அவன் உயிரோடு இருந்தான். அதற்கடுத்த நாள் எழுந்து உட்கார்ந்து, கஞ்சியில் கருவாடு இல்லையா என்று கேட்டான். ராக்கு கொட்டகை வாசலில் வந்து நின்று ராமலெட்சுமியை மேலும் கீழும் பார்த்தாள்.

“நீங்களும் சாகலையா?”

“இன்னும் இல்ல.”

“சரி. அந்த வாளியத் தாங்க.”

இனிமேல் மருந்து என்று கூவ வேண்டாம் என்று ராமலெட்சுமி பால்சாமியிடம் சொன்னாள். சுண்ணாம்பு போட்டுத் தெளிய வைத்திருக்கிறது என்று சொல்லுங்கள் என்றாள். அது பொய்யாகாதா என்று கேட்டார் அவர். இந்தப் பவுடரே சுண்ணாம்பில் செய்ததுதான் என்றாள் அவள். சுண்ணாம்பு என்றதும் குப்பம் வந்தது. வெற்றிலைக்குத் தடவுகிறதுதானே என்று கிழவிகள் சிரித்தார்கள். படலுக்குள் குடங்கள் வரிசை கட்டின. தோப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று நூர் நிஷா ராக்குவிடம் புருஷன் எப்படி இருக்கிறான் என்று விசாரித்தாள். புதிதாக யாரும் படுக்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் ஜீப் வந்தது. இறங்கிய அதிகாரி, ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரத்தில் கூட்டம் சேருகிறது, சென்னையிலிருந்து பெரியவர் ஒருவர் பார்வையிட வருகிறார், பவுடரையும் ஆட்களையும் அங்கே மாற்றச் சொல்லி உத்தரவு என்றார். ராமலெட்சுமி ஒரு பீப்பாயை மட்டுமாவது விட்டுவிட்டுப் போகச் சொல்லிக் கேட்டாள். இப்போதுதான் ஜனங்கள் கிணற்றுக்கு வருகிறார்கள், மருந்து நின்றால் படலைச் சாத்திவிடுவார்கள் என்றாள்.

“இங்கே ஒரு குப்பம். அங்கே லட்சம் பேர். யோசிச்சுப் பாருங்க” என்றார் அதிகாரி.

“அங்க யாருக்கும் இன்னும் வரல, சார்.”

“வந்துடக் கூடாதுன்னுதான் சொல்றோம்.”

பீப்பாய்கள் ஜீப்பில் ஏறின. ராமலெட்சுமி போய்க் கேட்டபோது ஜெய்னுலாபுதீன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தெருக்காரர்கள் தினமும் வந்து நிற்கிறார்கள், மருந்து இல்லாத கிணற்றில் அத்தனை குடமும் இறங்கினால் தன் பிள்ளைகளுக்கு யார் பொறுப்பு என்றார். உள்ளே நூர் நிஷாவின் குரல் உயர்ந்தது. அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். சாயங்காலம் படலில் புதுக் கயிறு இறுக்கிக் கட்டியிருந்தது.

ராமலெட்சுமி பெட்டியோடு புறப்பட்டபோது ராக்கு ஒரு கொட்டாங்கச்சியை நீட்டிக்கொண்டு வந்தாள். அதில் குழைத்த சுண்ணாம்பு இருந்தது. கிளிஞ்சல் சுட்டு அவர்களே நீற்றிய சுண்ணாம்பு.

“இத ஊத்துல எம்புட்டுப் போடணும், ஊசியம்மா?”

“இது ஆகாது, ராக்கு. அது வேற.”

“சுண்ணாம்புன்னுதானே சொன்னீக?”

“சொன்னேன். அது மருந்துதான்.”

ராக்கு கொட்டாங்கச்சியைப் பார்த்தாள். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கும்படி ராமலெட்சுமி சொன்னாள். ஒரு நாளும் கொதிக்க வைக்காமல் குடிக்கக் கூடாது என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். குடிக்கிறதுக்கே பத்தாத தண்ணியில கொதிச்சு வத்துறதுக்கு எங்க போக என்று கேட்டுவிட்டு ராக்கு திரும்பிப் போனாள்.

ராமேஸ்வரத்தில் ரயில் இறங்கிய ஜனம் தெருவை அடைத்துக்கொண்டு கடலுக்குப் போனது. பால்சாமியைக் கிணறுகளுக்கு அனுப்பவில்லை. பெரியவருடைய கார் வரும் சாலையின் இரண்டு ஓரத்திலும் பவுடரைக் கோடாகப் போடச் சொல்லியிருந்தார்கள். கோடு நூல் பிடித்த மாதிரி இருக்க வேண்டும், தூரத்திலிருந்தே பளிச்சென்று தெரிய வேண்டும் என்று அதிகாரி இரண்டு தடவை வந்து சொல்லிவிட்டுப் போனார். பால்சாமி குனிந்தபடி பின்னோக்கி நடந்து, முறத்திலிருந்து பிடி பிடியாகத் தூவினார். கச்சான் காற்று கோட்டைக் கலைத்துக் கடல் பக்கம் அள்ளிக்கொண்டு போனது. அவர் இன்னொரு பிடி எடுத்து அதே இடத்தில் தூவினார். முதல் பீப்பாய் அதற்குள் காலியாகி உருண்டு கிடந்தது. கைக்குழந்தையோடு சாலையைக் கடக்க வந்த ஒருத்தியைப் போலீஸ்காரர் தடுத்து, வெள்ளையை மிதிக்காமல் சுற்றிப் போகச் சொல்லிக் கையைக் காட்டினார்.