தொங்கும் நுனி

அந்த மஃப்ளரைப் பின்னி முடிக்க வீரலட்சுமிக்குப் பதினெட்டு நாள் ஆனது. எழுபத்து நான்கு வயதில் கண் ஒத்துழைப்பதில்லை. விரல்களே பார்த்துப் பார்த்துப் பின்னின. மூன்று பழைய ஸ்வெட்டர்களைப் பிரித்தெடுத்த நூல் அது. கழுத்தை இரண்டு சுற்று சுற்றிய பிறகும் நுனி நெஞ்சுவரை தொங்க வேண்டும், நுனியில் குஞ்சம் ஆட வேண்டும் என்பது அவள் ஆசை. விடியும் முன்னே பாகலூரில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஆறு மணி ஷிப்டுக்குக் கிளம்பிய கடைசி மகன் அசோக்குமாரின் கழுத்தில் அதைச் சுற்றி, "கழட்டுன, எனக்குக் கெட்ட கோவம் வரும்" என்று மிரட்டித்தான் அனுப்பினாள்.

எட்டு மணிக்கு, நைட் ஷிப்ட் முடித்து வந்த பக்கத்து வீட்டு நிகத்திடம் இதைப் பெருமையாகச் சொன்னபோதுதான் எல்லாம் தலைகீழானது.

"மஃப்ளரா? லேத்துல நிக்கிற ஆளுக்கா குடுத்தீங்க?"

"ஏன், லேத்துக்காரனுக்குக் குளுராதா?"

"அதில்லம்மா. நேத்து எங்க கம்பெனி சேஃப்டி கிளாஸ்ல ஒரு வீடியோ போட்டாங்க. எந்த ஊரோ தெரியல. ஒருத்தரு மஃப்ளரோட நுனி, லேத்துல இரும்பக் கவ்விக்கிட்டுச் சுத்துற சக்குல மாட்டிக்கிச்சு. சுவிட்ச அமத்தறதுக்குள்ள ஆளையே இழுத்துக்கிச்சு. அதுக்கு மேல நான் கண்ண மூடிக்கிட்டன்." வீரலட்சுமியின் முகத்தைப் பார்த்ததும் நிகத் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "அண்ணன் கழட்டி வச்சிருப்பாரும்மா."

"கழட்ட மாட்டான். நான் மிரட்டி அனுப்பிச்சன்."

மகனுக்கு மூன்று முறை போன் போட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. போனைக் கேட்டிலேயே வாங்கி லாக்கரில் பூட்டிவிடுவார்கள் என்பது அவளுக்கும் தெரியும். இருந்தும் நான்காவது முறையும் போட்டாள். பிறகு வீட்டைச் சாத்திக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஏறினாள்.

அவளுக்கு எதையும் தூக்கிப் போட வராது. பதினெட்டு வயதில் இந்த ஊருக்கு மருமகளாக வந்தவள், பேக்கிங் பட்டையில் கூடை முடைந்தாள், கிழிந்த சேலையில் பெண்ணுக்குக் கவுன் தைத்தாள், பழைய குடைத் துணியில் பிள்ளைகளுக்கு மழைக்கு நனையாத புத்தகப்பை செய்தாள். கணவர் போன பிறகும் கை நிற்கவில்லை. நான்கு பிள்ளைகளும் அவள் செய்ததை உடுத்தியே வளர்ந்தார்கள். தெருவே வந்து மாதிரி கேட்டுப் போகும்.

இந்த மஃப்ளரை, எளிதில் அறுந்துவிடக் கூடாதென்று, நூலை இரட்டையாக்கிப் பின்னியிருந்தாள். ஒற்றை நூலாக இருந்தால் இழுக்கும்போது அறுந்தாவது போகும். மடியில் கிடந்த தன் கைகளைப் பார்க்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

சிப்காட் தொழிற்பேட்டையில் அந்தச் சின்னக் கம்பெனியின் கேட்டை அவள் அடைந்தபோது மணி ஒன்பதரை. செக்யூரிட்டி, எல்லையோர ஊர் வழக்கப்படி, யாரைப் பார்க்க வேண்டும் என்று கன்னடத்தில் கேட்டான். அவளும் தெரிந்த கன்னடத்தில் மகன் பெயரைச் சொன்னாள்.

"பத்து மணிக்கு டீ பிரேக் அம்மா. அப்ப வருவாரு. இப்படி உக்காருங்க," என்று அவன் தமிழுக்கு மாறினான்.

"அரை மணி நேரம் முடியாது சாமி. மெஷின நிறுத்தச் சொல்லு. உனக்கும் அம்மா இருப்பா இல்ல?"

அவன் இன்டர்காமை எடுத்தான். யாரும் எடுக்கவில்லை. முனகிக்கொண்டே உள்ளே போனான்.

தகரக் கூரைக்கு அடியிலிருந்து இயந்திரங்களின் இரைச்சல் வந்தது. எது மகனுடையது என்று காதால் தேடினாள். திடீரென்று அந்த இரைச்சலில் ஓர் இழை அறுந்து நின்றது. அவள் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். யாராவது கத்துகிறார்களா? ஓடுகிறார்களா? ஒன்றும் கேட்கவில்லை.

அசோக்குமார் கையைத் துடைத்தபடி வந்தான். முழுசாக வந்தான். கழுத்து வெறுமையாக இருந்தது.

"என்னாம்மா ஆச்சு? வீட்டுல யாருக்கு என்னா?"

"மஃப்ளர் எங்கடா?"

"அதுக்கா இவ்ளோ தூரம் வந்த? திட்டாத. மாரிமுத்து அண்ணனுக்குக் குடுத்தன். சாமல்பட்டிக்காரரு, இங்க ரூம்ல தனியா கெடக்கறாரு. ஒரு ஸ்வெட்டர் கூட இல்ல."

"அவரு எங்க நிக்கிறாரு?"

"என் பக்கத்து லேத்து."

"ஓடுடா!"

அவன் விழித்தான்.

"நுனி சக்குல மாட்டும்டா! ஓடு!"

அவன் முகம் மாறியதை அவள் பார்த்தாள். அவன் உண்மையிலேயே ஓடினான்.

மாரிமுத்து எப்படி இருப்பார் என்றுகூட அவளுக்குத் தெரியாது. மகன் கண்ணெதிரே பிழைத்து நின்ற பிறகு பயம் குறையும் என்று நினைத்திருந்தாள். ஒரு துளியும் குறையவில்லை. யாரோ ஒருத்தி பெற்ற பிள்ளையின் கழுத்தில் தன் கைவேலை.

இன்னொரு இயந்திரம் நின்றது. நரைத்த மீசைக்காரர் ஒருவரைத் தோளைப் பிடித்துத் தள்ளாத குறையாக அழைத்து வந்தான் அசோக்குமார். அவர் கையில் மஃப்ளர் சுருண்டிருந்தது.

"கதகதன்னு இருந்துச்சும்மா. மனசே இல்ல குடுக்க."

அவள் விரித்துப் பார்த்தாள். ஒரு பக்கக் குஞ்சம் எண்ணெய்க் கறுப்பாகி, பாதி பிய்ந்திருந்தது.

"இது என்னா?"

"அதுவா? காலையில லேசா ஒரு இழு இழுத்துச்சு," என்று சிரித்தார் மாரிமுத்து. "அப்பவே காலருக்குள்ள சொருகிக்கிட்டன்."

அசோக்குமார் சிரிக்கவில்லை. தாயும் மகனும் ஒருவரையொருவர் பார்க்காமல் நின்றார்கள். வீரலட்சுமி அந்த மனிதரின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். சூடாக இருந்தது.

"தொங்காத மாதிரி, தலையில மாட்டறாப்புல ஒண்ணு பின்னித் தரன் தம்பி. மெஷின்ல நிக்கிறப்ப அதுவும் வேணாம்" என்று சொல்லிவிட்டு, மஃப்ளரைச் சுருட்டி எடுத்துக்கொண்டு திரும்பி நடந்தாள்.

பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் அடுத்த பயம் தொடங்கியது. இத்தனை ஆண்டுகளில் எத்தனை பின்னினாள், யார் யாருக்குக் கொடுத்தாள்? மகள் தமிழ்செல்வியின் எண்ணைத் தேடினாள்.

"போன வருசம் குடுத்த ஷாலு எங்க கண்ணு?"

"போட்டிருக்கனே! ஆபீஸ்ல அவ்ளோ பேரு கேக்கறாங்கம்மா."

"இப்ப எங்க இருக்க?"

"ஸ்கூட்டில. ஹெட்செட்ல பேசறன், சொல்லு."

"வண்டிய ஓரங்கட்டு."

"என்னாம்மா இது?"

"கேள்வி கேக்காத. நிறுத்து."

காற்றின் இரைச்சல் மெல்லத் தணிந்தது.

"நிறுத்திட்டன்."

"அத மடிச்சு சீட்டுக்கு அடியில வை. வச்சிட்டுச் சொல்லு, நான் லைன்லயே இருக்கறன்."