லேபிள் மாறிய சுருள்

காலை ஏழு மணிக்குக் கப்பல் கட்டும் தளத்தின் பண்டகசாலை ஜன்னல் திறந்ததும் வெல்டர்கள் வரிசை கட்டி நின்றார்கள். முந்தின நாள் மிச்சமான கம்பிச் சுருளைச் சூட்டு அலமாரியிலிருந்து எடுத்து, அதில் எழுதிய எண்ணைச் சரிபார்த்து, பண்டகசாலைக்காரன் தர்மோ ஒவ்வொருவருக்கும் நீட்டினான். பாத்தாம் தீவின் உப்புக்காற்று ஓர் இரவு பட்டாலே போதும், உள்ளே மருந்துத்தூள் அடைத்த அந்தக் கம்பி நமத்துவிடும்.

வரிசையில் பழைய வெல்டர் தும்பாலுக்கு முன்னால் நூர்லேலா நின்றாள். அவள் கையில் 309 லேபிள் ஒட்டிய சுருள். தும்பாலின் கையில் சாதாரண இரும்புக் கம்பி.

"என்னண்ணே, இன்னைக்கும் படிக்கட்டு வேலைதானா?" என்று தர்மோ கேட்டான்.

"உனக்கென்னடா? ஜன்னலுக்குப் பின்னால நின்னு எலி பிடி."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். தும்பால் சிரிக்கவில்லை.

பத்தொன்பது வருஷமாக அந்தக் கப்பல் கட்டும் தளத்தில் அவன் கைக்கு ஒரு பெயர் இருந்தது. அமிலம் ஏற்றும் கப்பலின் எவர்சில்வர் தொட்டியைக் கறுப்பு இரும்பு உடம்போடு சேர்க்கும் வேலை என்றால் தும்பாலைத்தான் கூப்பிடுவார்கள். அப்போது குச்சி வெல்டிங். பிறகு சுருள் கம்பி வந்தது, புதுத் தேர்வு வைத்தார்கள். அவனும் தேறினான், ஆனால் ஓரிடத்தைத் தோண்டித் திரும்பப் போட வேண்டியிருந்தது. ஐந்தே வருஷ அனுபவமுள்ள நூர்லேலாவின் தகட்டில் ஒரு புள்ளி குறை இல்லை. தொட்டி வேலை அவளுக்குப் போயிற்று.

அவள் வேலை செய்யும்போது தும்பால் ஏணியில் நின்று பார்ப்பான். அவள் போட்ட ஒட்டின் மேல் கசடு தானாகச் சுருண்டு கழன்று விழும். அடியில் மீன் செதில் மாதிரி வரிவரியாக மின்னும். அதைப் பார்க்கிறபோதெல்லாம் அவன் நெஞ்சில் யாரோ மிளகாயை அரைத்துப் பூசினது போலிருக்கும். பொறாமை என்று அதற்குப் பெயர் வைக்க அவன் தயாராக இல்லை. 'என் சோத்துல மண்ணைப் போட்டுட்டா' என்றுதான் தனக்குள் சொல்லிக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை மதியம் தளம் காலியானது. ஆண்கள் பெரிய தொழுகைக்குப் போனார்கள். நூர்லேலா பெண்கள் தொழுகை அறைக்குப் போனாள். தேவாலயத்துக்குப் போகிற தும்பாலுக்கு அந்த நேரம் வேலை இல்லை.

அவன் போய் நூர்லேலாவின் கம்பிப் பெட்டியைத் திறந்தான். 309 கம்பியில் குரோமியமும் நிக்கலும் கூடுதல், கறுப்பு இரும்பு உருகிக் கலந்தாலும் தாங்கும். 308 அப்படியல்ல. எவர்சில்வரோடு எவர்சில்வரைச் சேர்க்கத்தான் அது லாயக்கு. இரும்போடு சேர்த்தால் ஒட்டு உள்ளுக்குள் விறைத்து வெடிக்கும். வெறும் கண்ணுக்கு இரண்டும் ஒரே கம்பி. தும்பால் 309 லேபிளை உரித்து, தான் கொண்டுவந்திருந்த 308 சுருளின் லேபிள் மேல் ஒட்டினான். சுருளை மாற்றி வைத்தான். நல்ல சுருள் ஈரம் புகாத பையில் கட்டி அவன் கருவிப் பெட்டிக்குள் போயிற்று. மறுநாள் காலை திரும்ப மாற்றிவிடலாம் என்பது கணக்கு. தொழுகை முடிந்து வந்த நூர்லேலா அந்தச் சுருளை வைத்தே தொட்டியின் ஒட்டைப் போட்டாள்.

மறுநாள் அவனுக்கு முன்பே சோதனைக்காரர் வந்துவிட்டார். ஒட்டின் மேல் சிவப்புச் சாயம் அடித்துத் துடைத்து, வெள்ளைப் பூச்சு தெளித்தார். ஒட்டின் வெடிப்புகளுக்குள் இறங்கியிருந்த சாயம் இரண்டே நிமிடத்தில் வெள்ளைக்குள்ளிருந்து சிவப்புக் கோடுகளாகக் கசிந்து எழுந்தது. மூன்று மீட்டர் நீளத்துக்கு, நரம்பு நரம்பாக.

"கரண்டி பிடிக்கிற கையில வெல்டிங் டார்ச்சைக் குடுத்தா இப்படித்தான்" என்றான் ஒருவன். நூர்லேலா கோடுகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். எல்லாரும் 'பாக்', அதாவது ஐயா, என்று கூப்பிடும் ஃபோர்மன் சுக்ரி அவள் கம்பிப் பெட்டியைச் சிவப்பு நாடா சுற்றிச் சூட்டு அலமாரியில் பூட்டினார்.

திங்கட்கிழமை சுக்ரி தும்பாலைக் கூப்பிட்டார். "வெடிச்சதைத் தோண்டி எடுத்தாச்சு. இனிமே நீயே போடு. அவ முத்திரையை வாங்கிட்டேன். இன்னைக்கோட அவ கணக்கு முடிஞ்சுது."

ஒவ்வொரு வெல்டருக்கும் ஓர் எண் உண்டு. போட்ட ஒட்டின் ஓரத்தில் அதைத் தன் முத்திரையால் இரும்பில் குத்த வேண்டும். அந்த எண் போனால் வேறெந்தத் தளத்திலும் யாரும் அவளை உள்ளே விடமாட்டார்கள்.

ஆசைப்பட்டது கிடைத்தது. ஆனால் சுக்ரி நாடாவை அறுத்து, அதே பெட்டியை அவன் முன்னால் தள்ளினார்.

"இந்தச் சுருள் வேணாம் பாக். வேற குடுங்க" என்றான் தும்பால்.

"ஏன்? லேபிள்ல முன்னூத்தி ஒம்போதுன்னு போட்டிருக்கே."

"ஈரம் பட்டிருக்கும்."

"அப்ப தர்மோ தப்பா? கூப்பிடு அவனை."

ஓரமாக நின்ற நூர்லேலா முன்னால் வந்தாள். "வேணாம் பாக். கம்பியில குத்தமில்ல. தர்மோ அண்ணன் அலமாரியில வெச்சதை நானே பார்த்தேன். என் கைதான் தப்பு பண்ணியிருக்கு. எங்கேன்னுதான் தெரியல. தும்பால் அண்ணன் போடும்போது பக்கத்துல நின்னு பார்க்கட்டுமா? அது மட்டும் தெரிஞ்சுக்கிட்டுப் போயிடறேன்."

அவன் டார்ச்சைக் கையில் எடுத்தான். அவளே விளக்கைத் தூக்கிப் பிடித்தாள். கம்பி நுனி இரும்பைத் தொட அரை அங்குலம் இருந்தது. அவள் கண் அவன் கையிலேயே இருந்தது.

டார்ச்சைக் கீழே போட்டான்.

"பாக், லேபிளை உரிச்சுப் பாருங்க."

சுக்ரி நகத்தால் கிழித்தார். அடியில் 308.

"நான்தான் மாத்தினேன். வெள்ளிக்கிழமை. இவளோட கையில ஒரு குத்தமும் இல்ல."

சுக்ரி கையை நீட்டினார். தும்பால் இடுப்புப் பையிலிருந்து தன் முத்திரையை எடுத்து அந்த உள்ளங்கையில் வைத்தான். அவள் முத்திரை அவளுக்குத் திரும்பிப் போயிற்று.

நூர்லேலாவின் கண்ணில் தண்ணீர் இருந்தது, குரலில் இல்லை.

"ரெண்டு நாளா என் கையையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். இந்தக் கையை நம்பாமப் போயிட்டேனே அண்ணே. சரி, என் மேல உங்களுக்கு வயித்தெரிச்சல். இந்தச் சாயம் காட்டாம விட்டிருந்தா, தொட்டி வெடிச்சு அமிலம் கொட்டியிருக்கும். கப்பல்ல போறவன் உங்க வேலையையா பிடுங்கினான்?"

தும்பால் தலை குனிந்து நின்றான். கருவிப் பெட்டியைத் திறந்து நல்ல சுருளை எடுத்து அவளிடம் நீட்டினான்.

அவள் வாங்கிப் பெட்டியில் மாட்டினாள். முகமூடியை இறக்கும் முன் அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"அடுத்தவன் ஒட்டை உடைச்சா நம்ம ஒட்டு கெட்டியாகாது அண்ணே. கப்பல்தான் முழுகும்."