கெவினுக்குக் காய்ச்சிய கறி

இறைச்சி அடுப்பில் ஏறி எவ்வளவோ நேரமாகியும் புனிதவதிக்கு அதன் குணம் பிடிபடவில்லை. ஆடென்றால் மூடியைத் திறந்து ஆவியை மணந்தே பதம் சொல்லிவிடுவாள். இதில் கொழுப்பென்று மருந்துக்கும் இல்லை. வேக வேக மெதுவாவதை விட்டுவிட்டு இறுகிக்கொண்டு போனது. உப்புப் பார்க்கவும் மனம் வரவில்லை. உள்ளங்கையில் ஒரு சொட்டுக் குழம்பு விட்டு நாக்கு நுனியில் தொட்டாள். பிறகு சாமிப்படம் இருந்த பக்கம் பார்க்காமல் கையைக் கழுவினாள்.

"அவிஞ்சிட்டுதோ?" என்று கேட்டுக்கொண்டு இரத்தினவேல் மறுபடியும் குசினி வாசலுக்கு வந்தான்.

"நீங்கள் வந்து வந்து பாத்தால் கெதியா அவியாது. போய் இருங்கோ."

அவன் எங்கே இருந்தான்! யன்னலுக்கும் கதவுக்கும் இடையில் நடந்துகொண்டே இருந்தான்.

கனடாவில், சென் ஜேம்ஸ் ரவுணில் அந்த ஒற்றை அறை வீட்டுக்குப் புனிதவதி வந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. சிங்கப்பூரில் வைத்துத் தாலி கட்டி, இரண்டு கிழமை கூட இருந்துவிட்டுத் திரும்பிப் போன புருஷன், ஸ்பொன்சர் அலுவல் முடிந்து அவளைக் கூப்பிட மூன்று வருடம் எடுத்தது. வந்து பார்த்தால் அவனுக்கு இரவு ஷிப்ற், அவளுக்கு ஹோட்டல் லோன்றியில் துணி மடிக்கும் பகல் வேலை. அவள் சாவி போட்டுக் கதவைத் திறக்கும்போது அவன் சப்பாத்து மாட்டிக்கொண்டு நிற்பான். "சாப்பாடு கட்டி வைச்சிருக்கு", "கவனம்" என்பதோடு குடும்பக் கதை முடிந்துவிடும். மிஞ்சிய ஞாயிற்றுக்கிழமையில் பாதியை அவன் நித்திரையில் கழித்துவிடுவான். கலியாணம் கட்டினவள் என்று சொல்லிக்கொள்ளவே அவளுக்குச் சில நாள் வெட்கமாக இருந்தது.

இப்போது அவன் வேலை செய்த ரெக்ஸ்டேல் பக்டரியில் பகல் ஷிப்றில் ஓர் இடம் காலியாகியிருந்தது. யாரைப் போடுவது என்பது போர்மன் கெவினின் கையில். இரத்தினவேலோடு போட்டிக்கு நின்றவன் இக்னேசியஸ். அவன் வேதக்காரன், எதையும் சாப்பிடுவான். போன மாதம் கெவினை வீட்டுக்குக் கூப்பிட்டு மாட்டிறைச்சிக் கறியும் பாணும் கொடுத்திருந்தான். அந்தக் கறியைப் பற்றிக் கெவின் ஒரு கிழமையாகச் சப்புக்கொட்டிக்கொண்டு திரிந்ததைக் கேட்டு இரத்தினவேலுக்கு இருப்புக்கொள்ளவில்லை. சனிக்கிழமை இரவு லீவு எடுத்துத் தானும் கூப்பிட்டுவிட்டான். கூப்பிட்ட பிறகுதான் என்ன கொடுப்பது என்று யோசித்தான். அவனுடைய யோசனையெல்லாம் எப்போதும் பின்னால்தான் வரும்.

மாடு அந்த வீட்டு வாசலைத் தாண்டாது. அது புனிதவதியின் சட்டம். வந்த புதிதில் சப்வே ஸ்ரேசனில் கண்ணாடிப் பெட்டிக்குள் மஞ்சளாக எதையோ கண்டு, மாவுக்குள் கறி வைத்த ஊர்ப் பற்றீஸ்தான் என்று ஆசையாய் வாங்கினாள். பாதி தின்ற பிறகுதான், உள்ளே இருப்பது மாடென்று கூட வேலை செய்பவள் சொன்னாள். வீட்டுக்கு வந்து தலை முழுகி ஒரு கிழமை சைவம் இருந்தாள். தெரியாமல் தின்றது பாவமில்லை என்று இரத்தினவேல் எவ்வளவு சொல்லியும் அவளுக்கு ஏறவில்லை. தன் வாய்க்குள் போவது என்னவென்று தனக்கே தெரியாமல் இருந்ததை நினைத்தால் இப்போதும் எழும்பிப் போய் வாய் கொப்பளிப்பாள்.

அந்த வசந்தத்தில் ரீவியைப் போட்டால் இங்கிலாந்தில் விசர் பிடித்த மாடுகள் கால் தடுமாறி விழுவதைத்தான் காட்டினார்கள். கனடா மாட்டுக்கு ஒன்றுமில்லை என்று சொன்னாலும் சனம் பயந்துபோயிருந்தது. டவுன்ரவுணில் ஓர் இறைச்சிக்கடைக்காரன், மாட்டுக்குப் பதிலாகக் கங்காரு என்று எழுதித் தொங்கவிட்டிருந்தான். அதைக் கண்ட இரத்தினவேல் பொதியோடுதான் வீட்டுக்கு வந்தான்.

"கெவின் அவுஸ்ரேலியாக்காரன். தன்ரை ஊர்ச் சாப்பாட்டைக் கண்டால் ஆள் கவிண்டிடுவான். மாடும் இல்லை, மாடு மாதிரிச் சிவப்பாயும் இருக்கு."

"ஆட்டைக் காய்ச்சிக் குடுப்பமே?"

"ஆடு எல்லா வீட்டிலையும் குடுப்பினம். இஞ்சேரும், எருது சிவனுக்கு, மயில் முருகனுக்கு, எலி பிள்ளையாருக்கு. கங்காருவிலை எந்தச் சாமி ஏறி வந்தது, சொல்லும் பாப்பம்?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தது சம்மதம் என்று ஆகிவிட்டது.

கெவின் சொன்ன நேரத்துக்கு வந்தான். வாசலை அடைக்கிற ஆள். சொக்கிலேற் பெட்டியைப் புனிதவதியிடம் நீட்டிவிட்டு, சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்தான். ஆனால் கதிரையில் சரியாகச் சாய்ந்து இருக்கவில்லை. இரத்தினவேல் பேசும்போதெல்லாம் அவன் பியர் கிளாசைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். இது நல்லதுக்கோ கெட்டதுக்கோ என்று புனிதவதிக்கு விளங்கவில்லை.

"உங்கடை நாட்டிலை கங்காரு நிறைய என்ன?" என்று இரத்தினவேல் ஆங்கிலத்தில் தூண்டில் போட்டான். மேசைக்கு வரப்போகிற அதிசயத்துக்கு அவன் வழி வெட்டிக்கொண்டிருந்தான்.

கெவினின் முகம் அப்போதுதான் திறந்தது. அவனுடைய தகப்பனுக்கு ஆட்டுப் பண்ணையாம். ஒருநாள் றோட்டில் லொறி அடித்துச் செத்துக்கிடந்த கங்காருவின் பைக்குள் குட்டி உயிரோடு இருந்ததாம். அதை ஒரு தலையணை உறைக்குள் போட்டு, குசினிக் கதவின் பின்னால் கொளுவி, போத்தலில் பால் கொடுத்து வளர்த்தானாம். பெயர் ரோசி. பள்ளிக்கூடப் பஸ் வரும் இடம்வரை பின்னால் வருமாம். புனிதவதியின் ஆங்கிலம் லோன்றி ஆங்கிலம். ஆனால் தலையணை உறை என்ற சொல் அவளுக்கு நன்றாகவே தெரியும், நாள் முழுக்க அவள் மடிப்பது அதைத்தான். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

இரத்தினவேல் பியர் எடுப்பதுபோல எழும்பிக் குசினிக்குள் வந்தான். முகத்தில் ஈயாடவில்லை.

"ஆடெண்டு சொல்லுவம்."

"என்னெண்டு சொல்லுறது? அவர் பிள்ளை மாதிரி வளத்தவராம்."

"தூளும் சரக்கும் போட்ட கறியிலை அவனுக்கு என்ன தெரியப்போகுது?"

"எனக்கும்தான் அந்தப் பற்றீஸிலை தெரியேல்லை."

"விசர்க்கதை கதையாதையும். உமக்குப் பகல் ஷிப்ற் வேணுமோ, வேண்டாமோ?"

அது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. அவனைவிட அவளுக்குத்தான் அது வேண்டியிருந்தது. எத்தனை இரவு அந்தக் கட்டிலில் தனியே கிடந்து, லிப்ற் திறக்கும் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு விழித்திருந்தாள்! அவள் சட்டியைத் தூக்கினாள்.

மேசையில் சோறு, பருப்பு, கத்தரிக்காய், முட்டைப் பொரியல். நடுவில் கறி. இரத்தினவேல் தானே அகப்பையை எடுத்துக் கெவினின் சாப்பாட்டுக் கோப்பையில் தாராளமாகப் போட்டான். ஆடு என்பதை ஆங்கிலத்தில் "கோட், கோட்" என்று சொல்லிச் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்க்க அவளுக்குப் பாவமாகவும் இருந்தது, பற்றிக்கொண்டும் வந்தது. கெவின் மணந்து பார்த்துத் தலையாட்டினான். ஒரு துண்டைக் கரண்டியில் எடுத்து வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனான்.

"மிஸ்ரர் கெவின், நோ!" புனிதவதியின் குரல் அவளுக்கே பெரிதாகக் கேட்டது. "திஸ் நோ கோட். திஸ் கங்காரு. சொறி."

கரண்டி அப்படியே நின்றது. இரத்தினவேல் அவளைப் பார்த்த பார்வையில் அவள் எரிந்து சாம்பலாகியிருக்க வேண்டும்.

கெவின் கரண்டியை மெல்லக் கோப்பையில் வைத்தான். கோபிப்பான், எழும்பிப் போவான் என்று அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் அந்தக் கறியையே பார்த்தபடி, அவளுக்கும் விளங்கட்டும் என்றுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னான்.

"மழை பொய்த்த வருடம். பள்ளிக்கூடத்தால் வந்தேன். ரோசியைக் காணவில்லை. தலையணை உறை தோய்த்துக் கொடியில் காய்ந்தது. அம்மா இறைச்சி வைத்தா. மாடு என்று சொன்னா. நல்லாய் இருந்தது, இன்னும் வேணும் என்று கேட்டு வாங்கித் தின்றேன். வளர்ந்த பிறகு அண்ணன்தான் சொன்னான். அன்றைக்கு அந்த மேசையில் இருந்த எல்லாருக்கும் தெரியும். ஒருத்தரும் என் கையைப் பிடிக்கவில்லை."

புனிதவதிக்குக் கண் நிறைந்துவிட்டது. அவள் அந்தக் கோப்பையை எடுத்துக்கொண்டுபோய், வேறு கோப்பையில் சோறும் பருப்பும் முட்டையும் போட்டு வைத்தாள். கெவின் இரண்டு வாய் சாப்பிட்டான். பிறகு கரண்டியை ஓரமாக வைத்துவிட்டு, வந்ததிலிருந்து முதல்தடவையாக இரத்தினவேலின் முகத்தை நேரே பார்த்தான்.

"பகல் இடத்தை இக்னேசியசுக்குக் கொடுத்துவிட்டேன், ரத்னா. அவன் உனக்கு முந்தி வந்தவன். வியாழக்கிழமையே முடிந்த விஷயம். திங்கட்கிழமை பேப்பர் ஒட்டும்போது நீயாகப் பார்ப்பாய் என்று விட்டிருந்தேன். சாப்பிட்டுவிட்டுப் பேசாமல் போகத்தான் வந்தேன். இவ சொன்ன பிறகு என்னால் முடியவில்லை."

அவன் மன்னிப்புக் கேட்டான், சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போனான். லிப்ற் கதவு மூடும் சத்தம் வந்தது. இரத்தினவேல் கதவைப் பூட்டினான். அவளை ஏசுவான் என்று அவள் காத்திருந்தாள். அவனோ வந்து மேசையில் இருந்து, பசியா கோபமா என்று தெரியாமல், சோற்றைப் போட்டு அந்தக் கறியை அள்ளி விட்டுப் பிசைந்து சாப்பிடத் தொடங்கினான்.

அவள் எதிரே இருந்து பருப்போடு சாப்பிட்டாள். சனிக்கிழமை இரவில் இரண்டு பேரும் ஒரு மேசையில் இருந்து சாப்பிடுவது எப்போது நடந்தது என்று அவளுக்கு ஞாபகம் இல்லை.

"எப்பிடி இருக்கு?" என்று கேட்டாள், ஏதாவது கதைக்க வேண்டுமே என்று.

"மாட்டிறைச்சி மாதிரித்தான்," என்றான் அவன் சப்பிக்கொண்டே. "கொஞ்சம் இறுக்கம்."

அவளுடைய கை சோற்றில் நின்றது.

"மாட்டிறைச்சி எப்பிடி இருக்குமெண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

அவன் சப்புவதை நிறுத்தினான். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"விடியப்புறம் பசிக்கும். கன்ரீனிலை பேர்கர்தான் இருக்கும். நீர் வர முந்தியே பழகிட்டன்."

"நான் கட்டித் தாறது?"

"அதையும் சாப்பிடுறனான்."

அவளுக்குக் கோபம் வந்தது. பேர்கர் தின்ற வாயோடு இந்த மனுசன் அன்றைக்குத் தனக்குப் பாவ புண்ணியம் சொன்னானே என்று வந்தது. ஆனால் அதற்கும் மேலே ஒரு துக்கம் வந்தது. ஒரு வருடம் ஒரே கட்டிலில் மாறி மாறிப் படுத்தும், இவன் இரவில் என்ன சாப்பிடுகிறான் என்றுகூட அவளுக்குத் தெரியாது.

"இவ்வளவு நாளும் ஏன் சொல்லேல்லை?"

"எப்ப சொல்லுறது, புனிதா?" அவனுடைய குரல் உடைந்தது. "கதவடியிலையோ?"

திங்கட்கிழமை பின்னேரம் அவன் மறுபடியும் வேலைக்குப் போய்விடுவான். அவள் எழும்பிக் கையைக் கழுவிவிட்டு வந்து, கதிரையை அவனுக்குக் கிட்ட இழுத்துப் போட்டு இருந்தாள்.

"இப்ப சொல்லுங்கோ," என்றாள். "வேறை என்ன?"