குனிந்து நுழையும் கோயில்

அந்தச் சின்னக் கோயிலின் வரலாறு ஓர் ஆட்டுக்கொட்டகையில் தொடங்குகிறது. நாற்பது வருடங்களுக்கு முன்னால், மரத்தடியில் ஜெபம் செய்துகொண்டிருந்த பத்திருபது பேரை மழை விரட்டியது. பக்கத்தில் ஆடு வளர்த்தவர் மனமிரங்கி, "மழை விடுற வரைக்கும் உள்ள இருங்க" என்றார். இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவது மனித சுபாவம். மழை அன்று மாலையே விட்டது. கூட்டம் இன்னும் விடவில்லை. ஆடுகள்தான் வேறிடம் பார்த்துக்கொண்டன. ஆட்டுக்காரரும் பேசாமல் வந்து முதல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

போகப்போகச் சுவர் கல்லானது, கூரை ஓடானது. வாசலை மட்டும் யாரும் தொடவில்லை; அது ஆடுகளுக்கு வைத்த உயரத்திலேயே நின்றது. அதனால் அங்கே ஒரு வழக்கம் வந்தது. யார் நுழைந்தாலும், வாசலோரப் பெஞ்சில் இருப்பவர் நிலையின் மேல்கட்டைக்கு அடியில் தன் உள்ளங்கையை வைத்துக்கொள்ள வேண்டும். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்பார்கள். இங்கே கையோடு போகும்.

தச்சர் ஒருவர் புதுப் பெஞ்சுகள் செய்ய முதன்முதலாக வந்தபோது, "குனிங்க, குனிங்க" என்று கத்தியும் கேட்காமல் விறுவிறுவென்று நுழைந்தார். ஆள் பனைமர உயரம். வாசலோரம் இருந்த பெண்ணின் கை குறுக்கே பாய்ந்தது. அவர் தலை தப்பியது, அவள் சுண்டுவிரல் தப்பவில்லை. மன்னிப்புக் கேட்கப் போனவர் மாப்பிள்ளையாகத் திரும்பினார். அந்த விரல் இன்றைக்கும் கோணல்தான், அந்த வாசலோரப் பெஞ்சு இன்றைக்கும் அவளுடையதுதான்.

வயதானதும் ஆட்டுக்காரருக்கு முதுகு வளையாமல் போயிற்று. வெளியே நாற்காலி போட்டு, ஜன்னல் வழியாகப் பிரசங்கம் கேட்டார். இடம் கொடுத்தவரை வெளியே வைத்துவிட்டு உள்ளே என்ன பாட்டு வேண்டிக்கிடக்கிறது என்று தச்சருக்குப் பொறுக்கவில்லை. எல்லோரிடமும் பேசி, வாசலை உயர்த்தும் வேலையைத் தானே ஏற்றுக்கொண்டார்.

வீட்டில் சொன்னதும் மனைவி தட்டை ணங்கென்று வைத்தாள்.

"செய்ங்க. பாவம், அவரு உள்ள வரணும்ல."

"அப்புறம் ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?"

"நான் பாடினா பக்கத்துல இருக்கிறவங்க எந்திரிச்சு ஓடுவாங்க. வாசிக்கவும் தெரியாது. அங்க எனக்குன்னு இருந்தது அந்தக் கை வேலை ஒண்ணுதாங்க. அதுவும் போச்சுன்னா நான் அங்க எதுக்கு?"

தச்சரால் வேலையை நிறுத்தவும் முடியாது, அவளை அப்படியே விடவும் மனமில்லை. சனிக்கிழமை பழைய கட்டையைப் பெயர்த்து, உயரமான புது நிலையை நிறுத்தினார். பார்த்தவர்களெல்லாம் கைதேர்ந்த வேலை என்றார்கள். அவருக்கோ வீட்டிலிருந்தே எதையோ திருடிவிட்டதுபோல் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்காரர்தான் முதலில் நுழைந்தார், நிமிர்ந்த முதுகு நிமிர்ந்தபடியே.

"என் ஆடுங்ககூட இப்படிக் கெத்தா போனதில்லப்பா" என்றார்.

அடுத்து தச்சர். வாசலில் அவர் நிழல் விழுந்ததும், பெஞ்சில் இருந்த மனைவியின் கை பழக்கதோஷத்தில் தானாக உயர்ந்தது. அங்கே கட்டை இல்லை, வெறும் காற்றுதான். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவள் முகம் சிவந்து கையை இறக்கப் போனாள்.

தச்சர் சட்டென்று அந்த நெட்டை உடம்பை மடக்கினார். பழைய வாசலின் உயரத்துக்குக் குனிந்து, தலையை அவள் உள்ளங்கையில் டொக்கென்று இடித்தார்.

"அடி பலமா?" என்றாள் அவள்.

"எப்படிப் படும்? அதான் கை இருக்கே."

பின்னால் நின்ற மளிகைக்கடைக்காரர் இதைப் பார்த்தார். அவரும் குனிந்தார். அவருக்குப் பின்னால் வந்தவர்களும் குனிந்தார்கள்.

இவ்வளவு உயரமான வாசலுக்கு எதற்குக் குனிய வேண்டும் என்று புதிதாக வருகிறவர்கள் இப்போதும் கேட்கிறார்கள். கேட்டுக்கொண்டே அந்தக் கோணல் விரல் கைக்குத் தலையைக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போகிறார்கள்.